ஒரு தட்டு, இரண்டு தட்டு

காலை ஆறரை மணிக்குத் தம்பியைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலை. அவன் இடது கையை எடுத்து என் முதுகைச் சுற்றிப் போட்டுக்கொள்வேன். என் வலது கை அவன் முதுகுக்குப் பின்னால் போய் அக்குளுக்குக் கீழே பனியனைக் கொத்தாகப் பிடிக்கும். இடது கை அவன் முழங்காலுக்கு அடியில். இந்தப் பிடியை எங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருஷம் இப்படித்தான் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ரக்பி ஆடினோம்.

பாதி தூக்கும்போது என் வலது தோள் 'டொக்' என்று சத்தம் போடும். அவனுக்கும் கேட்கும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்துவிடுவோம். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "பார்த்துடா, மெதுவா" என்பாள்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் எங்கள் தெருவுக்கு இந்தத் தோளைப் பற்றி ஒரு கதை தெரியும். மைதானத்தில் தம்பி விழுந்தபோது அவனைத் தாங்கிப் பிடிக்கப் போய் அண்ணன்காரன் தோள் கிழிந்துபோயிற்று என்பது கதை. டீக்கடையில் புதிதாக யாராவது வந்தால் என்னைக் காட்டிச் சொல்வார்கள். "தோளே போனாலும் தம்பிய வுடலய்யா இவன். கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்." நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அதையும் அடக்கம் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் என்ன செய்து தொலைப்பது? அந்தக் கதை பொய். நாலு வருஷம் அதை நான் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சின்ன வயதில் நான் குண்டன். பள்ளிக்கூடத்தில் கபடிக்குக்கூடச் சேர்க்க மாட்டார்கள். "இவன் ஒரு ரெய்டு போய் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும்டா" என்பார்கள். அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவளை அழைத்துவரச் சைக்கிளில் போகும்போதுதான், சென்னையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ் பையன்கள் சிலர் லீவில் வந்து, பள்ளி மைதானத்தில் முட்டை மாதிரி ஒரு பந்தை வைத்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நிற்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். "ப்ராப்புடா! நம்ம ப்ராப்பு கெடைச்சிட்டான்!" என்று ஒருவன் கத்தினான். என் எடையைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ப்ராப் என்றால் முட்டுக்கொடுப்பவன். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைக் குனிந்து ஒருவரையொருவர் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவன் ஹூக்கர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ப்ராப்புகள். ஹூக்கரின் இரண்டு கையும் ப்ராப்புகளின் முதுகின் மேல் இருக்கும். அத்தனை பேரில் விழுந்தால் தரையில் ஊன்றக் கை இல்லாதவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனை விழவிடாமல் பிடித்திருப்பது ப்ராப்பின் கடமை. தள்ளுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்னைவிட இரண்டு வயது சின்னவனான என் தம்பி, என் பின்னாலேயே மைதானத்துக்கு வந்தான். நீளமான கை, அகலமான மார்பு, அடங்காத வாய். வந்த முதல் வாரமே ஹூக்கர் ஆகிவிட்டான். அவனுக்கு இடது பக்கம் நான். அதற்கப்புறம் நாங்கள் வேறு வேறு இடத்தில் நின்று ஆடியதே இல்லை.

ஸ்க்ரமுக்குள் பேச முடியாது. மூச்சு விடுவதே பெரிய காரியம். அதனால் தம்பி ஒரு வழக்கம் வைத்தான். என் முதுகைச் சுற்றி வரும் அவன் இடது கை என் இடது விலாவில் இருக்கும். எதிரணியோடு மோதுவதற்கு முன்னால் அந்தக் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால், நில், ஏதோ சரியில்லை. இரண்டு தட்டு என்றால், போகலாம். ஒற்றைத் தட்டு வந்ததும் நான் பிடியை விட்டு எழுந்துவிடுவேன். நடுவர் விசிலூதி எல்லாரையும் மறுபடி முதலிலிருந்து குனியச் சொல்வார். இரண்டு தட்டும் படபடவென்று சேர்ந்தே வரும், கதவைத் தட்டுகிற மாதிரி. அது வந்துவிட்டால் எதிரே யானை நின்றாலும் நான் முட்டுவேன்.

டவுன்ஷிப்பிலிருந்து சென்னையில் ஒரு கிளப்புக்குப் போனோம், பிறகு மாநில அணிக்கு. அங்கிருந்து வட இந்தியாவில் ஓர் அரசுத் துறையின் அணி எங்களை கான்ட்ராக்ட்டில் எடுத்தது. சம்பளம் கொடுத்து ரக்பி ஆடச் சொன்னார்கள்! அம்மா நம்பவே இல்லை. "தள்றதுக்கா சம்பளம்?" என்று கேட்டாள். ஒருமுறை எங்கள் ஆட்டத்தை மொபைலில் நேரலையில் காட்டினார்கள். தெருவே கூடிப் பார்த்தது. ப்ராப்பின் முகம் எந்தக் கேமராவிலும் தெரியாது, பின்புறம்தான் தெரியும். ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "ஏம்பா, நீ ஆடறியா, நின்னுபோன பஸ்ஸ தள்றியா?" உரசி உரசி என் இரண்டு காதும் வீங்கி உருண்டை உருண்டையாகிவிட்டன. "என் புள்ள காதுல யாரோ போண்டா சுட்டு ஒட்டிட்டாங்க" என்று அம்மா அழுதாள். தம்பி சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டான்.

ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. காலையில் எடை தூக்குதல், கழுத்துப் பயிற்சி, மத்தியானம் ஸ்க்ரம் பழக வைத்திருந்த தள்ளும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டு. சாயங்காலம் அம்மா அனுப்பிய வறுத்த முந்திரியை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். நான் நூற்றுப் பதினான்கு கிலோ. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த அறையில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஏழு பேர் ஆடும் ரக்பிக்குத்தான் மவுசு வந்தது. அது ஓட்டக்காரர்களின் ஆட்டம். எங்களைப் போன்ற பாறாங்கற்களுக்கு அதில் வேலையில்லை. பதினைந்து பேர் ஆடும் அணியைச் சுருக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்போதுதான் கோச் எங்களைக் கூப்பிட்டு, அந்த ஆண்டுப் போட்டி முடிந்ததும் முன்வரிசைக்கு இரண்டு பேரை வேலையில் நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள் என்றார். "உங்களை ஜோடியாகத்தான் கேட்டிருக்கிறேன். பிரித்தால் இரண்டு பேரும் பாதி ஆள்தான். கடைசிவரை சேர்ந்து ஆடுங்கள்."

பர்மனெண்ட். அந்தச் சொல் நெய்வேலிக்காரன் காதில் எப்படி விழும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் அப்பா இருபது வருஷம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட்டாக இருந்தார். அடுத்த வருஷம் ஆகிவிடும், அதற்கடுத்த வருஷம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்து அதற்கு ஈடாக வேலை கேட்க எங்களிடம் நிலமும் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். கோச் சொன்னதை போனில் சொன்னபோது அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அப்புறம், "ரெண்டு பேருக்குமாடா? நெசமாவா?" என்றாள்.

போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது, தள்ளும் இயந்திரத்தில் முட்டும்போது என் வலது தோள் போயிற்று. கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. அதற்கப்புறம் அந்தக் கையில் பிடிப்பே இல்லை. பல் விளக்க பிரஷ்ஷைத் தூக்கினால் நழுவி விழுந்தது. அந்தக் கைதான் தம்பியின் பனியனைப் பிடிக்கிற கை.

பிசியோ வந்து வழக்கம்போல ஒவ்வொருவரையும் கேட்டார். "பெயின்?" "நோ சார்" என்றேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நான் உட்கார்ந்தால் தம்பிக்கும் போய்விடுமே, அவனுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்த வேலை வேண்டும். பேராசை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். வயிறு நிறைந்தவன் சொல்லட்டும்.

அன்றைக்கு மழை. தரை சேறாகக் கிடந்தது. முதல் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றினேன். இரண்டாம் பாதியில் எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரம் வந்தது. குனிந்தோம். நான் பனியனைப் பிடித்தேன், விரல் மடங்கியதே தவிர இறுகவில்லை. விலாவில் ஒரு தட்டு வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு தட்டு வந்தது. நடுவர் "செட்" என்றார், முட்டினோம்.

என் தோள் கழன்றது. கை திறந்துகொண்டது. தம்பியின் தலை தரையை நோக்கிப் போவது எனக்குத் தெரிந்தது. பிடிக்க என்னிடம் கை இல்லை. இரண்டு பக்கத்துப் பாரமும் அவன் கழுத்தின் மேல் இறங்கியது. எல்லாரும் எழுந்த பிறகு அவன் மட்டும் குப்புறக் கிடந்தான். நான் முட்டி போட்டுக் குனிந்தேன். சேற்றில் ஒரு கன்னம் புதைந்திருக்க, நிதானமாகக் கேட்டான்.

"ணா, என் காலு எங்க இருக்குது?"

ஐயோ, அந்தக் கேள்வி. இன்றைக்கும் மைன்ஸில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அது திடீரென்று காதில் விழும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் என் தோளையும் படம் எடுத்தார்கள். கிழிந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பியை விழாமல் தாங்கப் பார்த்திருக்கிறீர்கள், இல்லையா?" என்று கேட்டார். சுற்றி அணி முழுக்க நின்றது. அம்மா போனில் இருந்தாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவ்வளவு போதும். முரட்டு ஆட்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தம்பிக்கு மார்புக்குக் கீழே உணர்வோ அசைவோ திரும்பவில்லை. கை மடங்கும், மணிக்கட்டு அசையும், விரல் மடங்காது. கான்ட்ராக்ட் முடிந்தது, பர்மனெண்ட்டும் யாருக்கோ போனது. ஊருக்கு வந்தோம். நான் அப்பா செய்த வேலைக்கே போனேன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. "கண்ணு பட்டுப்போச்சு, ஊர் கண்ணே பட்டுப்போச்சு" என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் இருவருக்கும் சேர்த்து உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். எனக்குச் சுற்றும்போது நெருப்பில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாலு வருஷத்தில் தினமும் தூக்கும்போது தம்பியின் இடது கை பழையபடியே என் விலாவில்தான் தொங்கும். ஒருநாளும் அது தட்டியதில்லை. முடியாமல் இல்லை. மணிக்கட்டை ஆட்டிப் புறங்கையால் மொபைலைத் தட்டுவான், அம்மாவைக் கூப்பிடக் கட்டில் சட்டத்தைத் தட்டுவான். என்னை மட்டும் தட்டமாட்டான். நான் ஒவ்வொரு நாளும் ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் தூக்குவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டவுன்ஷிப் பள்ளி மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், தம்பியையும் கூட்டிவர வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ஏன், வா போலாம். உன் பேர்ல எனக்கும் ஒரு பிரியாணி கெடைக்கும்ல?" என்றான் தம்பி. குட்டியானை வண்டியில் நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போனோம். பந்தலில் முதல் வரிசையில் அவனை நிறுத்தினேன். மைக்கில் ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். தோள் கிழியும் இடத்தில் குரல் தழுதழுத்தது. கூட்டம் கைதட்டியது. பட்டுத்துணி என் தோளில் விழுந்தபோது தம்பியைப் பார்த்தேன். தட்ட முடியாத இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, சுமந்துவந்த பிரியாணியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். தம்பியைக் கட்டிலில் கிடத்தினேன். பொன்னாடையைச் சுருட்டி ஜன்னலில் எறிந்தேன்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அந்தத் துணிய எனக்குப் போத்தப் போறியா? வேணாம், புழுங்குது."

"வெளயாடாதடா. இந்தத் தோளு அன்னைக்குப் போவல. மூணு நாளு முன்னாடியே போயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லாம வந்து ஆடனேன்."

அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

"இன்னாடா தெரியும்?"

"நான் இன்னா லூசா? ஒரே ரூம்ல இருந்துகினு இருந்தோம், நீ மூணு நாளா எடது கையால பல்லு வெளக்கிகினு இருந்த. எனக்குக் கண்ணு தெரியாதா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏண்டா சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பார்த்தேன். நான் போய்ச் சொன்னா உனக்கும் போவும், எனக்கும் போவும். எனக்கு மட்டும் அந்த வேல வேணாமா? ஆனா அன்னைக்கு ஒரு தட்டு தட்டனேன்ல?"

"ரெண்டு தட்டன."

"ஒண்ணுணா. ஒண்ணு தட்டிட்டு நிறுத்தனேன். என் பனியன புடிச்ச உன் கை வெடவெடன்னு நடுங்குது. எழுந்துடுவன்னு பார்த்தேன். நீ எழல. சரி, அண்ணனே போலாம்னு நிக்கறான், போயிடலாம்னு அப்புறந்தான் ரெண்டாவது தட்டனேன். அத தட்டனது நானு. உன்ன யாரு குத்தம் சொன்னா?"

எனக்குத் தெரியும். அந்த இரண்டு தட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி எனக்கு அன்றைக்கே தெரியும். மழையில் கை வழுக்கி மெதுவாகத் தட்டினான் என்று நாலு வருஷம் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அவன் என்னை நிற்கச் சொன்னான். நான் நிற்கவில்லை. அவன் கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. என் கண்ணீர் அவன் தொடையை நனைத்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

"உனக்கு எம்மேல கோவமே இல்லியாடா?"

"கோவம் இல்லாம? நாலு வருஷமா தெனம் தூக்கற. தெனம் டொக்குனு கேக்குது. ஒரு நாளாச்சும் வலிக்குதுடா தம்பின்னு சொன்னியா? அங்கயும் சொல்லல, இங்கயும் சொல்லல. ஊருகிட்டலாம் கத வுட்டுகினு திரியற. எனக்கு வேற இன்னாணா கோவம்?" பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொடச்சி வுடு. அம்மா வந்துடும். சொல்லிடாத, ரெண்டு பேரையும் சேத்து வச்சி மொத்தும்" என்றான். துடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆறரை. அம்மா அடுப்படியில் இருந்தாள். அவன் கையை எடுத்து என் முதுகைச் சுற்றிப் போட்டேன். பனியனைப் பிடித்தேன். முட்டியை மடக்கித் தூக்கப் போனேன்.

விலாவில் அவன் புறங்கை பட்டது. ஒரு தட்டு.

நான் நின்றேன்.

"வலிக்குதா?" என்றான்.

"வலிக்குதுடா."

"அப்ப வுடு. அம்மாவக் கூப்புடு, ரெண்டு பேருமா தூக்குங்க."

பிடியை விட்டு நிமிர்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். வலிக்குது என்ற அந்த ஒரு சொல்லை அன்றைக்கு மழையில் சொல்லியிருந்தால், இந்நேரம் அவன் தானாக எழுந்துபோய்ப் பல் விளக்கிக்கொண்டிருப்பான்.